பாட்டன் பிறந்த ஊர்: பிரித்தானியப் பிரசாவுரிமையும் மூதாதையர் கோட்பாடும்

மூதாதையரின் பிறப்பிடத்தைக் காட்டிப் பிரித்தானியப் பிரசாவுரிமை கோருதல் ஒருவரது இயற்கை உரிமை என்றும், அவ்வுரிமையைக் காலத்துக்குக் காலம் விரிவுபடுத்தி வந்துள்ள பிரித்தானியச் சட்டம் மனிதாபிமானத்தின் படிமுறை வளர்ச்சிக்குச் சான்று என்றும் கருதுவோர் நம்மிடையே உளர். பிரித்தானியத் தாய்க்குப் பிறந்தோருக்கும், மணம் முடிக்காத பிரித்தானியத் தந்தையின் பிள்ளைகளுக்கும் முன்னர் மறுக்கப்பட்ட உரிமை இப்பொழுது பதிவு மூலம் வழங்கப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டுச் சட்டமோ கடந்தகாலச் சட்டவாக்கத்தின் அநீதியை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு அதற்குப் பரிகாரம் கூறுகின்றது. இவற்றைச் சுட்டிக்காட்டி, பழைய ஏகாதிபத்தியம் தன் பாவத்தைக் கழுவிவிட்டது என வாதிடும் குரல் பல்கலைக்கழகப் பொதுவறைகளிலும் கேட்கின்றது.

இக்குரலோடு எனக்கு உடன்பாடில்லை. கூறப்படும் திருத்தங்கள் பொய்யல்ல; அவற்றாற் பயன்பெற்றோர் பலர். ஆயின் அவை எதனைத் திருத்தின, எதனைத் தொடாது விட்டன என்னும் வினாவை எழுப்பாது புகழுரை வழங்குதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. பிரித்தானியச் சட்டத்தில் மூதாதை என்பது ஒரு சல்லடை. அதன் கண்கள் எப்பொழுது யாருக்காகப் பெரிதாக்கப்பட்டன, எப்பொழுது யாருக்கெதிராகச் சிறிதாக்கப்பட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள். அதே சல்லடையை நாமும் நமது நாட்டிற் பயன்படுத்தியவர்கள் என்பதால், இதனைப் பிறர் வீட்டு வழக்காகக் கருதித் தள்ளிவிடவும் இயலாது.

முதலில் 'இயற்கை' என்னும் வாதத்தை நோக்குவோம். ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் அடிப்படை நிலமேயன்றி இரத்தமன்று. 1608 இல் தீர்க்கப்பட்ட கல்வினின் வழக்கு, மன்னனது ஆள்புலத்துட் பிறந்தவன் மன்னனின் குடி என்னும் விதியை உறுதிப்படுத்திற்று. கடல்கடந்து பிறந்த பிள்ளை இவ்விதிக்குப் புறம்பானவன். அவனை உட்கொள்வதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. 1351 இல் இயற்றப்பட்ட சட்டம், வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைகள் இங்கிலாந்திலே முதுசம் பெறுவதற்கு வழிசெய்தது. காணியும் சொத்துமே அதன் கவலை. 1730 ஆம் ஆண்டின் சட்டம் தந்தைவழியாகப் பிள்ளைக்கும், 1772 ஆம் ஆண்டின் சட்டம் பேரப்பிள்ளைக்கும் குடிமையை நீட்டின. பிரித்தானிய வணிகம் உலகெங்கும் கால்பரப்பிய காலம் அது. 1914 இல் இவ்வுரிமை ஒரு தலைமுறையளவாகச் சுருக்கப்பட்டது. 1922 இல், பிறந்து ஓராண்டுக்குள் கொன்சல் அலுவலகத்திற் பதிவுசெய்தால் தலைமுறை தலைமுறையாகத் தொடரலாம் என மறுபடியும் நீட்டப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் நாட்டினச் சட்டம் அந்நிய நாடுகளிற் பிறந்தோரைப் பொறுத்து இவ்வொழுங்கைப் பேணிற்று. 1983 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த 1981 ஆம் ஆண்டின் சட்டம் அதனை மீண்டும் ஒரு தலைமுறையளவில் நிறுத்திற்று. வெளிநாட்டிற் பிறந்த வம்சாவழிப் பிரசை, தன் பிள்ளையும் வெளிநாட்டிற் பிறப்பின், பொதுவாக அப்பிள்ளைக்குத் தன் உரிமையைத் தானாகவே கடத்த இயலாது.

இரத்தம் இயற்கையானதாயின், அது பாராளுமன்றத்தின் விருப்பப்படி றப்பரைப் போல நீண்டும் சுருங்கியும் வந்தது எங்ஙனம்? இங்கு இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. முடியின் சேவையில் வெளிநாடு சென்றவனது பிள்ளைக்கு இத்தலைமுறைக் கணக்கு பெரும்பாலும் பொருந்துவதில்லை. 1948 ஆம் ஆண்டின் சட்டத்திலும் அவ்விலக்கு உண்டு. 1981 ஆம் ஆண்டின் சட்டத்திலும் உண்டு. ஆளப்போனவனுக்கு ஒரு கணக்கு, பிழைக்கப்போனவனுக்கு வேறொரு கணக்கு.

இனி, திருத்தப்பட்டதாகக் கூறப்படும் அநீதிகளுக்கு வருவோம். 1948 ஆம் ஆண்டின் சட்டப்படி வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்குப் பிரசாவுரிமையைக் கடத்தும் ஆற்றல் தந்தைக்கு மட்டுமே இருந்தது. இதன் விளைவை விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். லீட்ஸ் நகரிற் பிறந்த பெண்ணொருத்தி, அங்கு கல்விகற்கச் சென்ற யாழ்ப்பாணத்து இளைஞனை மணந்து கொழும்பிற் குடியேறுகின்றாள். அவளுக்கு 1957 ஜூனில் ஒரு மகளும் 1962 மார்ச்சில் ஒரு மகனும் பிறக்கின்றனர். அவளுடைய உடன்பிறந்தான் ஆர்ஜென்ரீனாவுக்குச் சென்று அந்நாட்டுப் பெண்ணை மணக்கின்றான். அவனுக்கும் 1957 இல் ஒரு பிள்ளை பிறக்கின்றது. லீட்ஸில் உள்ள பாட்டனும் பாட்டியும் மூவருக்கும் ஒருவரே. ஆயினும் புவனஸ் அயரிஸிற் பிறந்த பிள்ளை பிறந்தவுடனேயே ஐக்கிய இராச்சியத்தினதும் குடியேற்ற நாடுகளினதும் பிரசையாகின்றது. கொழும்பிற் பிறந்த இருவரும் ஆகவில்லை.

அதன்பின் நிகழ்ந்தது என்ன? 1971 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், தாய் ஐக்கிய இராச்சியத்திற் பிறந்தவள் என்ற காரணத்தால் இவ்விருவருக்கும் அங்கு வதியும் உரிமையை வழங்கிற்று, பிரசாவுரிமையை வழங்கவில்லை. வீட்டினுள் வரலாம், வீட்டாராக முடியாது. 1979 பெப்ரவரி 7 ஆந் திகதி உள்நாட்டலுவல்கள் அமைச்சராகவிருந்த மேர்லின் றீஸ், பிரித்தானியாவிற் பிறந்த தாய்மாரின் வயதுவராப் பிள்ளைகளைப் பதிவுசெய்ய இணங்குவதாகப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். மகனுக்கு அப்பொழுது பதினாறு வயது, விண்ணப்பித்திருக்கலாம். மகளுக்கு இருபத்தொன்று, வாய்ப்பில்லை. 2002 ஆம் ஆண்டின் சட்டம் 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, 1961 பெப்ரவரி 7 ஆந் திகதிக்குப் பின் பிறந்தோருக்கே கதவு திறந்தது. அத்திகதி எங்கிருந்து வந்தது? றீஸ் பேசிய நாளிலிருந்து பதினெட்டு ஆண்டுகளைப் பின்னோக்கிக் கழித்துப் பெற்றது. ஓர் அமைச்சர் எந்நாளில் எழுந்து பேசினார் என்பது ஒரு வீட்டிலுள்ள தம்பியைத் தகுதியுடையவனாகவும் அக்காவைத் தகுதியற்றவளாகவும் ஆக்கிவிட்டது. 2009 இல் நிறைவேறிய சட்டம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதுதான் அக்காவுக்கு அவ்வுரிமை கிடைத்தது. அப்பொழுது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

இத்திருத்தத்தின் பின்னரும் அமைச்சின் மனப்பாங்கு எத்தகையது என்பதற்கு 2018 இல் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று சான்று. 1978 இல் அமெரிக்காவிற் பிறந்த பெண்ணொருவர் தாய்வழியாகப் பதிவு கோரினார். தாய் தாமும் வெளிநாட்டிற் பிறந்த வம்சாவழிப் பிரசையாதலால், பிறந்து ஓராண்டுக்குள் கொன்சல் அலுவலகத்திற் பதிந்திருக்கவேண்டும் என்றது அமைச்சு. ஆனால் 1978 இல் தாய்வழிப் பிள்ளையைப் பதிய எந்தக் கொன்சல் அலுவலகமும் இணங்கியிராது, சட்டம் இடங்கொடுக்கவில்லை. செய்ய முடியாதவாறு தானே தடுத்துவிட்டு, ஏன் செய்யவில்லை எனக் கேட்டது அமைச்சு. அவ்வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்நிபந்தனை இத்தகையோருக்குப் பொருந்தாது எனத் தீர்த்தது. நீதிமன்றத்துக்குப் புகழ் உரியதே. ஆயின் ஓர் எளிய நியாயத்தைப் பெறுவதற்கு நாட்டின் அதியுயர் நீதிபதிகள்வரை செல்லவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

மணவினைக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைகளின் நிலை இதனினும் கொடியது. 2006 ஜூலை முதலாந் திகதிவரை, தாயை மணந்துகொள்ளாத தந்தை தன் பிரசாவுரிமையைப் பிள்ளைக்குக் கடத்த முடியாதிருந்தது. ஒழுக்கத்தைப் பேணும் விதி எனச் சிலர் இதற்கு விளக்கங் கூறுவர். பேரரசின் தோட்டங்களிலே இவ்விதி யாரைப் பேணிற்று என்று பார்த்தால் உண்மை விளங்கும். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் துரைமாருக்கும் லயங்களில் வாழ்ந்த பெண்களுக்கும் பிள்ளைகள் பிறந்தமை ஊரறிந்த செய்தி. அசாமிலும் டார்ஜிலிங்கிலும் இவ்வாறு பிறந்த பிள்ளைகளுக்காக ஜோன் அண்டர்சன் கிரகாம் என்னும் ஸ்கொத்லாந்து மிசனரி 1900 இல் கலிம்பொங்கில் ஓர் இல்லத்தை நிறுவவேண்டியிருந்தது. 1908 இற்கும் 1938 இற்கும் இடையில் அங்கிருந்து ஏறக்குறைய 130 இளைஞரும் யுவதிகளும் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். தந்தையர் நாட்டுக்கு அனுப்பப்படாமல் பூமியின் மறுகோடிக்கு ஏன் அனுப்பப்பட்டனர் என்பதை ஊகித்தல் கடினமன்று. துரை ஊர் திரும்பியபொழுது அவனுடைய குடிமை அவனோடு கப்பலேறியது. பிள்ளை தாயோடு பிரட்டுக்களத்தில் நின்றது. துரையின் பெயரையும் சொத்தையும் இங்கிலாந்திலிருந்த மனைவியின் அமைதியையும் இவ்விதி காத்தது. பிள்ளைக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

2014 ஆம் ஆண்டின் சட்டம், 2015 ஏப்ரல் முதல், இத்தகைய பிள்ளைகள் பதிவு மூலம் பிரித்தானியப் பிரசைகளாக வழிவகுத்தது. ஆயினும் அங்கும் ஒரு முட்கம்பி வேலி இருந்தது. மணம் முடித்த தந்தையின் பிள்ளை பிறப்பினாலேயே பிரசை. அவன் நல்லவனா தீயவனா என எவரும் கேட்பதில்லை. மணம் முடிக்காத தந்தையின் பிள்ளையோ 'நன்னடத்தை' உடையவன் எனக் காட்டவேண்டும். 1985 இல் ஜமெய்க்காவிற் பிறந்து நான்கு வயதிலிருந்து பிரித்தானியாவில் வாழ்ந்த ஒருவர், குற்றத் தீர்ப்பொன்றின் பின் நாடுகடத்தப்படும் நிலைக்கு உள்ளானார். பெற்றோர் மணந்திருப்பின் அவரை நாடுகடத்தியிருக்கவே முடியாது. 2016 இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2019 இல் அந்நிபந்தனை இத்தகையோரைப் பொறுத்து நீக்கப்பட்டது. அவர் செய்த குற்றத்தை நான் நியாயப்படுத்தவில்லை. பெற்றோர் செய்துகொள்ளாத மணத்துக்குப் பிள்ளை நாடுகடத்தப்படுவது எந்நீதி என்பதே கேள்வி.

இவையனைத்தும் பிரித்தானியத் தாய் அல்லது தந்தை உடையோரிடையே நிலவிய ஏற்றத்தாழ்வுகள். இவற்றை நீக்குதல், ஒரு குடும்பத்துக்குள் பாகப்பிரிவினையைச் சீர்செய்வது போன்றது. அக்குடும்பத்துக்கு வெளியே பேரரசு முழுவதிலும் முடியின் குடிகளென்று அழைக்கப்பட்ட கோடிக்கணக்கானோருக்கு மூதாதையர் கோட்பாடு என்ன செய்தது? இங்குதான் புகழுரை வழங்குவோர் மௌனம் சாதிக்கின்றனர்.

கென்யா 1963 இற் சுதந்திரமடைந்தபோது, அங்கிருந்த ஆசியர் பலர் கென்யப் பிரசைகளாகாது ஐக்கிய இராச்சியத்தினதும் குடியேற்ற நாடுகளினதும் பிரசைகளாகவே இருந்தனர். அவர்களின் கைகளில் இருந்தது பிரித்தானிய அரசாங்கம் வழங்கிய கடவுச்சீட்டு. ஆபிரிக்கமயமாக்கற் கொள்கையின் நெருக்குதலால் அவர்கள் பிரித்தானியாவுக்கு வரத் தொடங்கியதும், 1968 இல், தொழிற்கட்சி அரசாங்கத்தின் உள்நாட்டலுவல்கள் அமைச்சர் ஜேம்ஸ் கலகன் கொண்டுவந்த பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டமூலம் மூன்றே நாள்களில் பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிற்று. அச்சட்டம் 'கறுப்பர்' என்றோ 'ஆசியர்' என்றோ ஒரு சொல்லையும் கூறவில்லை. தானோ, தன் பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ ஐக்கிய இராச்சியத்திற் பிறந்திராத, அன்றி அங்கு பிரசாவுரிமை பெற்றிராத கடவுச்சீட்டாளன் குடிவரவுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவன் என்று மட்டும் கூறிற்று. நைரோபியிலிருந்த வெள்ளைக் குடியேற்றக்காரனுக்குப் பாட்டன் பிரிஸ்டலில் இருந்தான். பக்கத்துத் தெருவிற் கடை வைத்திருந்த குஜராத்தியின் பாட்டனோ போர்பந்தரிலோ ராஜ்கோட்டிலோ பிறந்தவன். கடவுச்சீட்டு ஒன்றே, பாட்டன் வேறு. பிரசாவுரிமை கையிலிருந்தும் நாடு இல்லை என்னும் புதுமையை உலகுக்கு அறிமுகப்படுத்திய பெருமை இச்சட்டத்துக்கு உரியது. ஆண்டொன்றுக்கு 1,500 குடும்பத் தலைவர்களுக்கே அனுமதிச் சீட்டு என வரையறை செய்யப்பட்டது. 1973 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் ஆணைக்குழு, இச்சட்டம் இனப்பாகுபாடு காட்டுவது என்றும், அது முறைப்பாட்டாளர்களை இழிவுபடுத்தும் நடத்தைக்கு ஒப்பானது என்றும் முடிவு செய்தது. அவ்வறிக்கை 1994 வரை வெளியிடப்படவில்லை.

1971 ஆம் ஆண்டின் சட்டம் இத்தந்திரத்துக்கு ஒரு பெயரும் சூட்டிற்று. வதியும் உரிமை உடையவன் 'பேட்ரியல்' எனப்பட்டான். தந்தையர் நாட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த சொல் அது. அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் நியூசிலாந்திலும் இருந்த பல இலட்சம் பேர் பெற்றோரின் பிறப்பிடத்தால் உள்ளே வந்தனர். பாட்டன் பாட்டியரின் பிறப்பிடத்தால் வரக்கூடியோருக்கு 1973 இன் குடிவரவு விதிகள் வழிசெய்தன. அவ்வழி இன்றும் திறந்தே இருக்கின்றது. பொதுநலவாய நாடொன்றின் பிரசைக்குப் பாட்டன் பாட்டியருள் ஒருவர் ஐக்கிய இராச்சியத்திற் பிறந்தவராயின், அங்கு சென்று தொழில்புரிய ஐந்தாண்டு அனுமதியும், அதன்பின் நிரந்தர வதிவும், பின்னர் பிரசாவுரிமையும் பெறலாம். இலங்கையரும் விண்ணப்பிக்கலாம். சட்டத்தில் நிறம் எழுதப்படவில்லை. பூட்டனும் பாட்டனும் கொப்பியிலே எழுதிவைத்துப்போன நிறத்தைச் சட்டம் வாசித்துக்கொள்கின்றது.

நிறத்தை எழுதாமலே நிறம் பிரிக்கும் இவ்வித்தையைக் கண்டு நாம் வியப்படையத் தேவையில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கைப் பாராளுமன்றம் இதனைச் செய்துகாட்டியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் 'இந்தியத் தமிழர்' என்று ஒரு சொல்லையும் கூறவில்லை. நியமித்த நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்தவன், தன் தந்தையும் இலங்கையிற் பிறந்தவன் என்றோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டும் என்றது. தந்தைவழி மட்டுமே, தாய்க்கு அங்கும் இடமில்லை. லயத்திற் பிறந்து, லயத்திலே வளர்ந்து, கங்காணியின் பெயரேட்டைத் தவிர வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத தந்தையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எவன் காட்டுவான்? கண்டியச் சிங்களவனிடமும் யாழ்ப்பாணத் தமிழனிடமும் எவரும் அப்பத்திரத்தைக் கேட்கவில்லை. கேட்டிருப்பின் அவர்களிலும் எத்தனைபேர் காட்டியிருப்பர் என்பது ஐயமே. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பிரசாவுரிமையோடு வாக்குரிமையும் போயிற்று. 1952 இல் ஓர் ஆசனமும் இல்லை. இதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட கோடக்கன்பிள்ளை வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம்வரை சென்றது. தன் பிரசைகள் யாவர் என வரையறுப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரமே என 1953 இல் அக்கழகம் தீர்த்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே நகரத்திலே, வேறொரு மண்டபத்திலே, பாட்டன் பிறந்த ஊர் கேட்கப்பட்டது.

நம்மவர் கை இதிற் சுத்தமானதன்று என்பதையும் கூறியாதல் வேண்டும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். அமைச்சரானபின் 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தை ஆதரித்தவர். அதனால் செல்வநாயகம் பிரிந்து சென்றமை யாவரும் அறிந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து மத்தியதரவர்க்கத்தின் பெரும்பகுதி அக்காலத்தில் இப்பிரச்சினையைத் தோட்டக்காட்டாரின் பிரச்சினையாகவே கண்டது. பாட்டன் பூட்டன் இங்கு பிறந்தவன் என்னும் பெருமை நமக்கும் இனித்தது. அப்பெருமையை இன்றும் சுவைத்துக்கொண்டு, பிரித்தானியாவின் மூதாதையர் விதியை இனவாதம் என்று கண்டிக்க நமக்குத் தகுதியில்லை. தாய்வழியாகவும் பிரசாவுரிமை கடத்தப்படலாம் என இலங்கைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2003 இல்தான் என்பதையும், மலையக மக்களுள் பிரசாவுரிமையற்று எஞ்சியிருந்தோருக்கு அதனை வழங்கிய சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது என்பதையும் மறத்தலாகாது.

பிரித்தானியாவுக்கு மீள்வோம். 1981 ஆம் ஆண்டின் சட்டம் மூதாதையை உயர்த்தியதோடு நில்லாது நிலத்தைத் தாழ்த்தியும் விட்டது. அதுவரை ஐக்கிய இராச்சியத்திற் பிறந்த பிள்ளை, அரிதான விலக்குகள் தவிர, பிறப்பினாலே பிரசை. 1983 ஜனவரி முதல், பெற்றோரில் ஒருவர் பிரித்தானியப் பிரசையாகவோ நிரந்தர வதிவுரிமை பெற்றவராகவோ இருத்தல் வேண்டும். கல்வினின் வழக்கிலிருந்து 375 ஆண்டுகள் நின்ற விதி அவ்வாறு முடிந்தது. அவ்வாண்டு ஜூலையிற் கொழும்பில் நிகழ்ந்ததை இவ்வாசகர்க்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. உயிர்தப்பி இலண்டன் சென்ற தமிழர் பலருக்குக் கிடைத்தது, காலவரையறைக்குட்பட்ட விசேட அனுமதி. நிரந்தர வதிவுரிமை அன்று. 1985 மே மாதத்தில், பொதுநலவாய நாடுகளுள் முதன்முதலாக இலங்கையருக்கே பிரித்தானியா நுழைவனுமதிக் கட்டுப்பாட்டை விதித்தது. அத்தகைய பெற்றோருக்கு ஈஸ்ற் ஹாமிலும் வெம்பிளியிலும் பிறந்த குழந்தைகள் அந்நாட்டின் பிரசைகளாகப் பிறக்கவில்லை. பெற்றோர் நிரந்தர வதிவு பெறும்வரை, அன்றிப் பிள்ளைக்குப் பத்து வயது நிறையும்வரை காத்திருக்கவேண்டியவர்களாயினர். லண்டனிலே பிறந்து, லண்டன் ஆங்கிலத்திலே மழலை பேசிய பிள்ளை அந்நியன். லண்டனைப் படத்தில் மட்டும் கண்ட மெல்பேர்ண் இளைஞன், பாட்டி டெவனிற் பிறந்தவள் என்பதால் உறவினன்.

கட்டண விடயத்தில் இவ்வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். தாய்வழி, மணம் முடிக்காத தந்தைவழி அநீதிகளை நேர்செய்யும் பதிவுகளுக்கு விண்ணப்பக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. அது முறையே. ஆனால் பிரித்தானியாவிலே பிறந்து வளர்ந்த அந்நியப் பெற்றோரின் பிள்ளை தன் உரிமையைப் பதியச் செலுத்தவேண்டியிருந்த தொகை 1,012 பவுண். அப்பதிவைச் செய்ய அரசுக்கு ஏற்பட்ட செலவோ 372 பவுண் மட்டுமே. இதனைச் சட்டவிரோதம் எனக் கூற இயலாதென 2022 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. பாராளுமன்றமே அவ்வதிகாரத்தை வழங்கியிருந்தது. அதன்பின் வசதியற்ற பிள்ளைகளுக்குக் கட்டண விலக்குக் கொண்டுவரப்பட்டது. எனினும், எவனுக்குப் பாட்டன் உண்டோ அவனுக்கு இலவசம், எவனுக்கு அந்நிலத்திலே வாழ்வு உண்டோ அவனுக்கு விலை என்னும் மனப்பாங்கு அக்கணக்கில் வெளிப்பட்டே நிற்கின்றது.

'வம்சாவழியைக் கொள்ளாத நாடு உலகில் உண்டா? பெற்றோரின் பிரசாவுரிமை பிள்ளைக்குச் செல்வதையும் எதிர்க்கின்றீரா?' என என்னிடம் கேட்கப்படலாம். எதிர்க்கவில்லை. புலம்பெயர்ந்த தாயும் தந்தையும் தம் பிள்ளையை ஒரே கடவுச்சீட்டின்கீழ் வைத்திருக்க விரும்புதல் நியாயமே. அப்பிள்ளை நாடற்றதாகாமற் காக்கவும் அது தேவை. பெற்றோரும் பிள்ளையும் ஒரே வாழ்வைப் பகிர்பவர்கள். இறந்துபோன பாட்டனின் பிறப்பிடத்தை, உயிரோடிருக்கும் மனிதனின் வாழ்விடத்துக்கு மேலாக வைப்பதையே மறுக்கின்றேன். அது உறவைப் பேணும் விதி என்பாரெனின், அவ்வுறவு தள்ளுவதற்கும் பயன்படுவதைக் காட்டுவேன். இலண்டனிற் பிறந்து வளர்ந்த சமீமா பேகத்தின் பிரசாவுரிமையை 2019 இல் பிரித்தானிய அரசு பறித்தது. பெற்றோர் வழியாக அவர் பங்களாதேசப் பிரசை, ஆதலால் நாடற்றவராகமாட்டார் என்பதே கூறப்பட்ட நியாயம். அவர் எம்நாட்டவர் அல்லர் எனப் பங்களாதேசம் மறுத்தபின்னரும் 2024 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்த்தது. அவருடைய அரசியலை வெறுப்போரும் இத்தருக்கத்தைக் கவனித்தல் வேண்டும். பெற்றோர் லீட்ஸில் பிறந்த ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்திருக்க இடமில்லை.

ஒரேயொரு இடத்தில் மாத்திரம் பிரித்தானியச் சட்டம் வேறொருவகை மூதாதையை ஏற்றிருக்கின்றது. தியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக 1968 இற்கும் 1973 இற்கும் இடையில் சாகோஸ் தீவுகளின் மக்கள் முற்றாக அகற்றப்பட்டனர். அத்தீவுகளிற் பிறந்தோரின் நேரடி வழித்தோன்றல்கள் பிரித்தானியப் பிரசைகளாகப் பதியலாம் என 2022 ஆம் ஆண்டின் சட்டம் கூறுகின்றது; வயதுவந்தோருக்கு 2027 நவம்பர்வரை தவணை. தம் ஊருக்குத் திரும்பும் உரிமையைக் கேட்டவர்களுக்கு, அவ்வூரிலிருந்து தம்மை அகற்றியவனின் நாட்டுப் பிரசாவுரிமை கிடைத்தது. ஆயினும் இங்கு பாட்டன் கணக்கில் எடுக்கப்பட்டது அவன் பிரித்தானியாவிற் பிறந்தமையாலன்று. பிரித்தானியா அவனுக்குத் தீங்கிழைத்தமையால். மூதாதையை முன்வைத்து உரிமை கோருவதற்கு நியாயமான ஒரு காரணம் உண்டாயின் அது இதுவே.

இந்நியாயத்தை ஏற்போமாயின் அடுத்த கேள்வி தவிர்க்கவியலாதது. திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து மன்னார்க் கரையில் இறக்கப்பட்டு, மாத்தளைவரை காட்டுவழியே நடத்திச் செல்லப்பட்டவர்களுட் பெரும்பாலோர் பிரித்தானிய முடியின் குடிகளாகவே புறப்பட்டவர்கள். அவர்கள் நட்ட கோப்பியும் தேயிலையும் இலண்டன் ஏலச்சந்தையில் விலைபோயின. அவ்வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் இறந்தோர் பலர். அவர்களின் பேரரும் பூட்டரும் 1948 இல் இங்கு பிரசாவுரிமை இழந்தபோது, இலண்டன் அவர்களைத் தன் குடிகள் என உரிமை பாராட்டவில்லை. 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர்களுக்கென ஒரு பிரிவும் இல்லை. அவர்களது வழித்தோன்றல் ஒருவர் இன்று கொழும்பிலிருந்து விண்ணப்பிக்க முற்பட்டால், பாட்டன் பிறந்த ஊரைக் கேட்கும் இடத்தில் அவர் எழுதக்கூடியது ஹட்டன், பூண்டுலோயா, மஸ்கெலியா என ஏதேனுமொரு பெயரே. அத்தோட்டங்களுட் பலவற்றின் பெயர்கள் ஸ்கொத்லாந்து ஊர்களின் பெயர்கள்.